திரும்பி வருவதாகச் சொன்ன துரை

இன்று உச்சி வெயிலில் பிரசவ அறையின் தரை மறுபடியும் தார் வாடை விட ஆரம்பித்தது. எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவினாலும், வெயில் ஏறினால் சிமெண்டுக்குள்ளிருந்து அது எழுந்து வந்துவிடுகிறது. கேரித் தீவிலிருந்து படகேறி வந்திருந்த ஒரு பெண், வலிக்கு நடுவிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது ஆசுபத்திரியா, ரோடு போடுற எடமாக்கா?” என்று கேட்டாள். விதிப்படி அவளை நான் சேர்த்திருக்கவே கூடாது. இந்த அறை ஊர்க் கூலிப் பெண்களுக்கு மட்டும்தான். இங்கே அக்காள் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள், நான் துருவிக் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் அவளுடைய கேள்விக்கு நல்ல பதிலாகச் சொல்லியிருப்பாய். நீ இல்லை. அதனால் அவள் பெற்றுத் தூங்கியபிறகு உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் பெயரை இதில் எழுதப்போவதில்லை. ஊரின் பெயரையும் எழுத மாட்டேன். கிள்ளானுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன். காகிதம் எப்போது யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? என் குணம் உனக்குப் புதிதில்லை. கடைக்காரன் கொடுக்கும் மீதிச் சில்லறையை நான் கடித்துப் பார்க்காததுதான் குறை என்று கேலி செய்தவள் நீ. உனக்கு வாசிக்கத் தெரியாது என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இதை வாசிக்கக் கூடாதவர்கள் வாசித்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

நான் இந்த ஊருக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்தவள் நான். பட்டறையில் கை நசுங்கி அப்பா வீட்டோடு உட்கார்ந்தபிறகு குடும்பம் முழுவதும் என் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஊரின் ரோட்டையும் சுகாதாரத்தையும் பார்க்கும் சானிட்டரி போர்டு ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, என்னை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். நான்கு மாநிலங்களையும் சேர்த்து ஆளும் கோலாலம்பூர் சர்க்கார் நம் போர்டுக்கு மானியம் கொடுத்திருக்கிறது. அதில் கூலிப் பெண்களுக்கு ஒரு பிரசவ அறை கட்டி, மருத்துவச்சிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தையோ கட்டடத்தையோ வேறு எதற்கும் தொடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு துரை வந்து பார்ப்பார். அறை உபயோகத்தில் இல்லையென்றால் மானியம் நின்றுபோகும், கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். இவ்வளவையும் அவர் ஜெபம் சொல்வது போல் பணிவாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூட்டிப் போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே தார் பீப்பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. கட்டில்கள் மடக்கிச் சுவரில் சாய்த்துக் கிடந்தன. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் வெட்கம் ஏதும் இல்லை. “கட்டச் சொன்னாங்க, கட்டியாச்சு. தார் வெக்க ஒரு ஷெட்டு கட்டிக்கோன்னு எவனும் காசு குடுக்கலையே,” என்றார்.

அதன்பிறகு நான் செய்த மருத்துவச்சி வேலை என்ன தெரியுமா? போர்டின் தலைவராக இருந்த சேர்மன் துரையின் பங்களாவுக்குத் திரைச்சீலை தைத்தேன். கிராணி வீட்டுக் குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன். மானியப் பணத்தைக் கிராணி தின்கிறாரா, சேர்மன் தின்கிறாரா, இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்களா என்று பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கிராணி மனைவியின் காதில் புதுத் தோடு ஏறினால் கூட நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். கடைசியில் பார்த்தால் யாரும் பெரிதாக ஒன்றும் தின்றிருக்கவில்லை. ஒரு தார் ஷெட் கட்டுகிற செலவை போர்டு மிச்சம் பிடித்தது, அவ்வளவுதான். திருடியிருந்தால்கூட எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

துரை வருகிற நாள் நெருங்கினால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மறைப்பார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குப் பினாயில், கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு. பிறகு பெரிய கிராணி ரோடு கூட்டும் பெண்களை வரிசையாக நிறுத்தி, பார்க்க லட்சணமாக இருப்பவர்களைப் பொறுக்குவார். நீங்கள் அதற்கு ‘நோயாளி வேலை’ என்று பெயர் வைத்திருந்தீர்கள். துடைப்பம் பிடிக்காமல் ஒரு நாள் சம்பளம். அதனால் அந்த வேலைக்கு உங்களுக்குள் போட்டி வேறு. லட்சணமானவர்களைத் தேடியதுதான் கிராணி செய்த முட்டாள்தனம். ஒரு முறை பிடித்துப்போன முகங்களையே அடுத்த வருஷமும் பிடித்து நிறுத்தினார்.

உன்னை நான் முதலில் பார்த்தது அப்படியொரு நாளில்தான். உனக்கு ஜன்னல் ஓரக் கட்டில், கர்ப்பிணி வேஷம். துண்டுகளை மடித்து உன் வயிற்றில் நான்தான் கட்டிவிட்டேன். “நல்லா இறுக்கிக் கட்டுங்க நர்சம்மா, தொரை முன்னால பொறந்துடப் போவுது,” என்றாய். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உனக்கு மட்டும் ஏன் ஜன்னல் ஓரம், உனக்கு மட்டும் ஏன் கிராணி பால் காப்பி வரவழைத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ அவருடைய ஆள், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் நடப்பதையெல்லாம் அவர் காதில் ஓதுகிறவள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பிறகு ஆபீஸ் வாசலை நீ கூட்ட வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நீயும் கவனித்திருக்கிறாய், பல வருஷம் கழித்து அதை வைத்து என்னை எவ்வளவு வாரினாய்.

ஒருநாள் காலையில் பூட்டிய அறையின் முன்னால் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். “நர்சம்மா, நீங்க நெஜ மருத்துவச்சியா, இல்ல எங்கள மாதிரி வேஷமா?” என்று கேட்டாய்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீயோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உன் முதல் பிள்ளை லயத்து அறையில், விறகுப் புகைக்கு நடுவே, கழுத்தில் கொடி சுற்றிப் போனதைச் சொன்னாய். இரண்டாவது பிள்ளை பிறந்து சில நாளில் ஜன்னி கண்டு போனதைச் சொன்னாய். அழவில்லை. அடுத்தது நின்றால் இந்த அறைக்குள் வைத்துத்தான் பெற வேண்டும், சாவி வாங்கித் தர முடியுமா என்று கேட்டுவிட்டு மறுபடியும் கூட்டப் போய்விட்டாய். கிராணியின் ஆள் இப்படியொன்றைக் கேட்க மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் அன்று முழுவதும் இது ஏதாவது பொறியா என்றும் யோசித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நான் அப்படிப்பட்டவள்தான்.

நான் கிராணியிடம் கேட்டேன். ஒருத்தியை விட்டால் எல்லாரும் வருவார்கள், தாரை என் தலையிலா வைப்பது என்றார் அவர். ரொம்பப் பேசினால் இந்த ஊருக்கு மருத்துவச்சி தேவைதானா என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அதை உன்னிடம் வந்து சொன்னபோது நீ தலையை மட்டும் ஆட்டினாய். அப்போதே உன் வயிற்றில் அடுத்தது தங்கியிருந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் துரை வருகிற நாளும் வந்தது. நீ நிறைமாதம். கிராணிக்கு ஒரே சந்தோஷம், இந்தத் தடவை துணி கட்ட வேண்டியதில்லை என்று. அதே ஜன்னல் ஓரக் கட்டிலில் உன்னைப் படுக்க வைத்தார். துரையும் போன வருஷம் வந்த அதே துரைதான்; நெட்டையாக, வெயிலில் சிவந்த கழுத்தோடு. முன்பு ஏதோ தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவர், தமிழ் கொஞ்சம் பேசுவார் என்று கேள்வி. கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பினாயிலுக்குக் கீழே இருந்த தாரை மோந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து சேர்மன் வராந்தாவிலிருந்து கிராணியைக் கூப்பிட்டார், துரைக்குத் தேநீர் தயாரா என்று கேட்க. கிராணி ஓடினார். நான் அறையின் மறு கோடியில், லயத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். துரை உன் கட்டிலருகே குனிந்தார். ஏதோ கேட்டார். நீ ஏதோ சொன்னாய். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு நிமிர்ந்து வெளியே போய்த் தேநீர் குடித்து, காரில் ஏறிப் போய்விட்டார்.

கார் திருப்பத்தில் மறைந்ததும் வழக்கம்போல் எல்லாரும் எழுந்தார்கள். விரிப்பை மடித்தார்கள், குழந்தைகளை அவரவர் அம்மாவிடம் கொடுத்தார்கள். பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போர்டின் குப்பை வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் உன் புருஷன்தான். நீ மட்டும் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

கிராணி வந்து, “எந்திரிம்மா, தொரை போயிட்டாரு,” என்றார்.

“திரும்பி வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு,” என்றாய்.

“யார்கிட்ட?”

“எங்கிட்டதான். தமிழ்ல சொன்னாரு.”

“என்னிக்கு வராராம்?”

“அதச் சொல்லல.”

கிராணி என் பக்கம் திரும்பினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை என்றேன், அது உண்மைதான். அன்றைக்கு உண்மையும் உன் பக்கம் நின்றது. அவர் வாசலில் நின்ற வண்டியையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீ பொய் சொல்கிறாய் என்று அவருக்கு முக்கால்வாசி தெரியும். ஆனால் மிச்சக் கால்வாசிக்கு அவரிடம் மருந்து இல்லை. திரும்பி வருவதாகச் சொன்னீர்களா என்று துரையிடம் கேட்கவும் முடியாது. கேட்டால், நீங்கள் வந்தால் எங்களுக்கு ஆபத்து என்று தானே போய்ச் சொன்னதாகிவிடும். கடைசியில் பீப்பாய்களைக் கொட்டகைப் பக்கமே திருப்பி அனுப்பினார்.

அதன்பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது. கோலாலம்பூர் ரயில் வரும் நேரத்துக்குக் கிராணி ஸ்டேஷனில் போய் நிற்பார். வெள்ளைக்காரர் யாராவது இறங்கினால் அவருக்கு வேர்த்துவிடும். நான்தான் பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கோலாலம்பூருக்குக் கோள் சொல்லிவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தபால்காரனிடம் விசாரித்தார். அவர் ஆளை வைத்து என்னைப் பார்க்கிறாரா என்று நான் அவரைப் பார்த்தேன். லயத்துப் பெண்களோ அறைப்பக்கம் தலைவைக்கவில்லை. உள்ளே போனால் பெயர் எழுதிக்கொள்வார்கள், பெயர் எழுதினால் வேலையில்லாத குடும்பம் என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. நான் வேதக்காரி, பிறந்த பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்துவிடுவேன் என்று இன்னொரு பேச்சு. நீயும் நானும் மட்டும் அந்தத் தார் வாடைக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

எல்லாவற்றையும்விட மோசமான பேச்சு கள்ளுக்கடையில் கிளம்பியது. துரை எதற்காக ஒரு ரோடு கூட்டுகிறவளிடம் குனிந்து பேச வேண்டும், எதற்காகத் திரும்பி வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். யாரோ சிரித்திருக்கிறார்கள். கிராணி சும்மா இருந்தாரா? உன்னைக் கிளப்பிக்கொண்டு போகாவிட்டால் லயத்து அறையைக் காலி பண்ண வேண்டிவரும் என்று உன் புருஷனிடம் சொல்லியனுப்பினார். அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது நினைவிருக்கிறதா? உள்ளே வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, துரை என்னதான் சொன்னார் என்று ஒரே கேள்வியைக் கேட்டார். திரும்பி வரேன்னு சொன்னாரு என்று நீயும் ஒரே பதிலைச் சொன்னாய். வண்டி மாட்டை அவர் அன்று அடித்தது போல் அடித்து நான் வேறு ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் போனபிறகு உன்னிடம் நான் கேட்டேன், அவரிடமாவது நிஜத்தைச் சொல்லக் கூடாதா என்று. நீ வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, இது பிறக்கும்வரை இந்த அறை மூடாமல் இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னாய்.

பகலில்தான் வலி எடுத்தது. முதல் பிள்ளைக்குப் போலவே இதற்கும் கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. லயத்தில் விளக்கில்லாத அறையில் அது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. இங்கே ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. விரலை விட்டுக் கொடியைத் தலைக்கு மேலாக எடுத்தேன். வெளியே வந்தபோது பெண் குழந்தை நீலமாக, துவண்டு கிடந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஊதி, உள்ளங்காலில் தட்டி, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். ஒரு இருமல் வந்தது. பிறகு ஒரு வீறல். நீ தலையைத் தூக்கக்கூட முடியாமல், “நெஜமா நர்சம்மா?” என்று கேட்டாய்.

நிஜம்தான் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மருத்துவச்சி என்று சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் நான் பிடித்த முதல் பிள்ளை அது.

குழாயடியில் நின்ற பெண்கள் அழுகைச் சத்தம் கேட்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதலில் என் கையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு குழந்தையைப் பார்த்தார்கள். நிறத்தைத்தான் முதலில் பார்த்தார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாலையில் உன் புருஷன் வந்தார். குழந்தையின் காதை மடக்கிப் பார்த்தார். அவருடையதைப் போலவே மேல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்த காது. போனவர் மறுநாள் ஒரு கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனாலும் அந்தக் கேள்வி அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. பிள்ளை யாருடையது என்பது தெளிந்துவிட்டது. துரை என்ன சொன்னார் என்பது தெளியவில்லையே.

நீ எழுந்து போன கட்டிலில் அடுத்த வாரமே இன்னொருத்தி வந்து படுத்தாள். பிறகு பண்டமாரான் பக்கத்துக் கித்தான் குடிசைகளிலிருந்துகூட வந்தார்கள். கிராணிக்குப் பூட்டுகிற தைரியம் வரவில்லை. பூட்டின மறுநாளே துரை வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர் வாய்விட்டே என்னிடம் சொன்னார். மழையில் நனைந்து பீப்பாய் துருப்பிடித்தபிறகு போர்டு தன் காசிலேயே ஒரு ஷெட் கட்டிக்கொண்டது. மானியப் பணம் கடைசியில் எதற்குக் கொடுத்தார்களோ அதற்கே செலவாயிற்று. அதற்குச் சேர்மனுக்குக் கோலாலம்பூரிலிருந்து பாராட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நீ அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்தத் துரை திரும்பி வரவே இல்லை. மறு வருஷம் வேறு ஒருவர் வந்தார், அதற்கடுத்த வருஷம் இன்னொருவர். ஆனால் பழையவர் எந்த நேரமும் வரலாம் என்ற பயம் ஆபீசில் கிராணிக்குக் கிராணி கைமாறிக்கொண்டே வந்தது. நான் உன்னிடம் கேட்காத நாளில்லை. மீன் கழுவும்போது கேட்டேன், உன் மகளுக்குப் பேன் பார்க்கும்போது கேட்டேன், கோபத்தில் கேட்டேன். “சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கக்கா. நீங்கதான் எதையும் நம்ப மாட்டீங்களே,” என்று நழுவிவிடுவாய். எனக்குள் இரண்டு சந்தேகம் இருந்தது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை, நீ துணிந்து அளந்தாய் என்பது ஒன்று. இன்னொன்றை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கேட்க முடியவில்லை. கள்ளுக்கடைச் சந்தேகத்தில் ஒரு துளி என்னிடமும் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிட்டேன், நீ திட்டிக்கொள்.

போன மழைக்கு முன்னால் இருமல் உன்னை உருக்கி எடுத்துவிட்டபோது, ஒருநாள் மகளை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய். அன்று துரை கேட்டது ஒரே கேள்வி என்றாய். நீ போன வருஷமும் இதே கட்டிலில் வயிற்றோடுதானே படுத்திருந்தாய் என்று அவருடைய கொச்சைத் தமிழில் கேட்டாராம். நீ பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாயாம்: “ஆமாங்க தொரை, இன்னும் பொறக்கல.”

அதற்குத்தான் அவர் தோள் குலுங்கியிருக்கிறது. அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரியும். தாரை மோந்தார், முகத்தை அடையாளம் கண்டார், வேஷத்தைப் பிடித்தார், சிரித்தார், தேநீர் குடித்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் கிராணியைச் சந்தேகப்பட்டேன், சேர்மனைச் சந்தேகப்பட்டேன், உன்னைச் சந்தேகப்பட்டேன். மேலே உட்கார்ந்து எல்லாரையும் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதரை மட்டும் நான் நம்பியிருந்தேன்.

அவர் திரும்பி வந்து உன் பொய் வெளுத்துப்போகும் என்று நீ பயப்படவில்லையா என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய்: “தெரிஞ்சும் சிரிச்சிட்டுப் போற ஆளு எதுக்குக்கா திரும்பி வரணும்? அவரு வரமாட்டாருன்னு தெரிஞ்சுதான் வருவாருன்னு சொன்னேன்.” இதை வெளியே விடாதே என்றாய். துரைக்கே தெரியும், அவரே கண்டுகொள்ளவில்லை என்று ஆபீசுக்குத் தெரிந்தால் மறுநாளே பூட்டு விழும் என்றாய். அதனால்தான் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. கள்ளு உள்ளே போனால் அவர் வாயில் எதுவும் நிற்காது என்று உனக்குத் தெரியும்.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் வண்டியை அறை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற அதே மாதிரி நின்றுகொண்டு, “நீங்க அங்கதானே இருந்தீங்க. அவரு என்னதான் சொன்னாரு?” என்று என்னிடம் கேட்டார். உன் பெயரில் ஒட்டிய கறையை அவர் மனசிலிருந்தாவது துடைத்துவிடக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான். அப்போது உள்ளே இரண்டு பெண்கள் வலியில் முனகிக்கொண்டிருந்தார்கள்.

“எங்காதால கேட்டேன் அண்ணே,” என்றேன். “இந்த ரூம்பு தெறந்திருக்கான்னு பாக்கத் திரும்பி வரேன்னு சொன்னாரு.”

இத்தனை வருஷம் காதில் விழவில்லை என்று சொன்னவள் இப்போது கேட்டேன் என்கிறாளே என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்தாரோ இல்லையோ, தலையை ஆட்டினார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நம்பினாரா, நம்பியது போல் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. உன் மகளைப் பார்க்கும்போதெல்லாம் அது என் நெஞ்சில் உறுத்துகிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து இந்தப் பொய்தான், அதை நான் செலவழிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது.

அடுத்த வாரம் புதிய துரை வருகிறாராம். இப்போதைய கிராணி நல்ல மனிதர்தான், ஆனாலும் போர்டுக்குச் சிமெண்ட் வைக்க இடமில்லை என்று நேற்று இந்தச் சுவர்களை ஒரு மாதிரி அளந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, திரும்பி வருவதாகச் சொன்ன அந்தப் பழைய துரை இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். கோலாலம்பூரில்தான் இருப்பதாகக் கேள்வி என்றேன். அவர் பாவம், கட்டில்களை எண்ணிவிட்டுப் போய்விட்டார். அறை திறந்திருக்கிறது. பழைய துரை வரப்போவதில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.